தேறிய நீர்

யாழ்ப்பாணத்தார் நோயை வருத்தம் என்பர். நோய் நீங்குதலை மாறுதல் என்பர். "காய்ச்சல் மாறிவிட்டதோ?", "வருத்தம் மாறிவிட்டதோ?" என்று படலையிலே நின்று வினாவுதல் எம்மவர் வழக்கம். 2025ஆம் ஆண்டு மாசி மாதத்திலே என் தமக்கையார் வைத்தியசாலையிலிருந்து வீடு வந்த நாள் முதலாக இவ்வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பு என் தலைமேல் வீழ்ந்தது. மாறிவிட்டது என்றால் பொய். மாறவில்லை என்றால் கேட்டவர் முகம் வாடும். அதனினும் மேலாக, அச்சொல் உள்ளே சாய்மனைக் கதிரையிலே கிடப்பவர் செவியில் விழும். முப்பது ஆண்டாகத் தமிழ் படிப்பித்தவன், பிறர் எழுத்திலே சொற்பிழையும் பொருட்பிழையும் கண்டு சிவப்புக் கோடு கீறியவன், படலையடியிலே ஒரு சொல்லுக்குத் தட்டுப்பட்டு நின்றேன்.

சொற்கள் இல்லாமல் இல்லை. குணமாதல், சுகப்படுதல், மாறுதல், தீர்தல் எனப் பல உள. ஆயின் இவையெல்லாம் நோய் ஒரு பக்கமும் நோயாளி ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோன பின்னர் வழங்கற்குரியன. நோயும் அவளுமாக ஒரே வீட்டிலே இருந்துகொண்டு, இடையிலே வந்த ஓர் இடரிலிருந்து மாத்திரம் மீண்டவளுக்கு என்ன சொல் வழங்குவது?

தமக்கையார் எனக்கு எட்டு வயது மூத்தவர். எனது ஏழாம் வயதில் அன்னையார் இறந்தார். அன்று தொடங்கி அக்காவின் கையாலேயே உண்டு வளர்ந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பின்னர்க் கூட்டுறவுச் சங்கக் கடையிலே கணக்கெழுதி, என்னைப் பண்டிதனாக்கியவர் அவர். இதனை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அவர் கணக்கெழுதியவர் என்பதை நான் மறந்து போனேன்.

அவருடைய மார்பிலே ஒரு கட்டி 2016ஆம் ஆண்டே தோன்றியிருக்கிறது. நோவில்லை, ஆகையால் அஞ்சவுமில்லை. பாக்களவு இருந்ததாம். அவ்வாண்டு மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. கலியாணம் ஒப்பேறட்டும் என்று ஒருவருக்கும் சொல்லாது ஏறக்குறைய ஓராண்டு மறைத்தார். இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. நோவில்லாத கட்டியே அதன் முதற் குறிகளுள் பெரும்பான்மை. நோவில்லாத காரணத்தாலேயே அதனை நம் பெண்கள் பொருட்படுத்துவதில்லை. நாணம் வேறு. நாணம் பெண்டிர்க்கு அணிகலம் என்று வகுப்பிலே எத்தனை தரம் படிப்பித்திருக்கிறேன்! அப்பாடத்தை இப்பொழுது வேறு விதமாகப் படிப்பிக்கிறேன்.

2017இல் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் ஊசி மருந்து, கதிர் மருத்துவம், நாடோறும் ஒரு குளிசை. 2011இலே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். அதன் பயனாகத் தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதனால் வடபகுதி நோயாளர் பலர் எடுத்ததற்கெல்லாம் மகரகமைக்கு இரவு பஸ்ஸிலே போகும் துன்பம் குறைந்தது. நான்கு ஆண்டு நலமாகவே கழிந்தன. 2021இலே முதுகு நோவு என்று தொடங்கியது. ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது நோய் எலும்பிலே குடியேறியிருந்தது. மார்பிலே தோன்றும் இந்நோய் பரவுமிடத்து எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை என்னும் இடங்களையே பெரிதும் நாடும். எங்கே குடியேறினும் அது மார்பகப் புற்றுநோயே. எலும்பிலே இருப்பதனால் எலும்புப் புற்றுநோய் ஆகிவிடாது. குளிசை மாற்றப்பட்டது, எலும்பை வலுவாக்க ஊசி போடப்பட்டது. 2022இலே நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபொழுது பாமசி பாமசியாக அலைந்ததும், கனடாவிலிருந்து அண்ணர் அனுப்பிய பொதிக்காகத் தபாற்கந்தோரிலே காத்திருந்ததும் வேறு கதை.

இனி, மாசி மாதத்துச் செய்திக்கு வருவேன்.

தைப்பொங்கல் கழிந்த கையோடு அக்காவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. முதலிலே கிணற்றடிக்குப் போய் வந்தால் முட்டியது. பின்னர் அடுப்படியிலே நின்றால் முட்டியது. ஒரு நாள் இரவு படுக்க இயலாமல் விடியுமளவும் கதிரையிலே இருந்தார். வைத்தியர் முதுகிலே விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல நெஞ்சு வெறும் பானைபோல் ஒலிக்கும். நீர் கோத்த இடம் நிறைகுடம்போல் அடங்கி ஒலிக்கும். வலப்புறம் அரைவாசிக்குமேல் அடங்கியே ஒலித்தது.

நுரையீரலைச் சூழ இரண்டு மெல்லிய உறைகள் உள. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது; மற்றையது விலாவின் உட்புறத்தோடு ஒட்டியது. இவ்விரண்டும் ஒன்றன்மேலொன்று வழுக்கி அசைவதற்காக இடையே மிகச் சிறிதளவு நீர், சில தேக்கரண்டியளவு, எப்பொழுதும் இருக்கும். நோய் அவ்வுறையை அடைந்தால் நீர் ஊறுதல் மிகும், வற்றுதல் குறையும். ஊறிய நீர் லீற்றர்க் கணக்கிலே தேங்கி நுரையீரலை அமுக்கும். நுரையீரல் பழுதுபட்டதன்று, விரிய இடமின்றித் தவிக்கிறது.

யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றிலே சேர்த்தோம். வைத்தியர் இளைஞர், மரியாதை உடையவர். மருமகளையும் அவள் கணவரையும் என்னையும் புறம்பாக அழைத்து, "இது வருத்தத்தை எடுக்கிறதுக்கான வைத்தியம் இல்லை, ஐயா, அம்மா மூச்சுவிட்டு இருக்கிறதுக்கான வைத்தியம்" என்றார். பின்னர், "அம்மாவுக்கு நான் சொல்லட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்று மூவரும் ஒரே குரலிலே சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாது நின்றார். அப்பேசாமையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. நான் உள்ளே போய் அக்காவிடம், "சளி கட்டி நீராய்ப் போச்சாம்; எடுத்துவிட்டால் எல்லாம் மாறிவிடுமாம்" என்றேன். அக்கா, "ஓம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

செய்த முறை இது. நோயாளியைக் கட்டிலோரம் இருத்தி, ஒரு மேசைமேல் தலையணை வைத்து முன்னே சாயச் செய்வர். ஸ்கான் கருவியால் நீர் நிற்கும் இடத்தைக் குறித்து, விறைப்பு ஊசி போட்டு, இரு விலாவெலும்புகளுக்கிடையே குழாயைச் செலுத்துவர். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பையும் அணைந்தே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஆதலின் கீழ் விலாவின் மேல் விளிம்பைத் தொட்டே வழி எடுப்பர். குழாயின் மறுமுனை நிலத்திலே வைத்த ஒரு போத்தலுள், நீருக்குள் அமிழ்ந்திருக்கும். நீர் வெளியே வரலாம். காற்று உள்ளே போகலாகாது. எல்லாவற்றையும் ஒரே முறையில் இறைத்துவிடுதலும் ஆகாது. முதலில் ஒன்றரை லீற்றர் அளவிலே நிறுத்தி, இடைவெளி விட்டே மிகுதியை இறக்குவர். நெடுநாள் அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதனுள்ளேயே நீர் சுரந்து ஆபத்தாகும் என்பது காரணம். பசித்தவனுக்கு முதற் கவளத்தைச் சிறிதாகக் கொடுப்பது போலும்.

பெண்கள் வார்ட்டிலே இரவு தங்க எனக்கு இடமில்லை, மருமகள் நின்றாள். பார்வையாளர் நேரத்திலே போய்க் கட்டிலருகே நிற்பேன். போத்தலிலே இறங்கிய நீர் சாயம் குறைந்த தேத்தண்ணீர் நிறமாக இருந்தது. குழாயினுள்ளே நிற்கும் நீர் அக்காவின் மூச்சோடு ஏறும், இறங்கும். அவ்வேற்ற இறக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏறினால் அவர் இருக்கிறார், இறங்கினால் இருக்கிறார். பாட்டுக்கு உரை சொல்லும் வாய் அங்கே அடைத்துவிட்டது.

நீர் வடிந்து நுரையீரல் விரிந்தது என்று எக்ஸ்றே காட்டிய பின்னர், அக்குழாய் வழியே ஒரு தூளைக் கரைத்து உட்செலுத்தினர். முகத்திற் பூசும் பவுடருக்கு மூலமாகிய தால்க் என்னும் கல்லின் தூளே அது, கிருமி நீக்கியது. அத்தூள் இரண்டு உறைகளையும் அழலச் செய்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஒட்டிவிட்டால் நீர் தேங்க இடமில்லை. "தம்பி, மூஞ்சிக்கு ஒரு நாளும் பவுடர் போடாதவள், இப்ப நெஞ்சுக்குப் போட்டிருக்கிறன்" என்று அக்கா சிரித்தார். அன்றிரவு காய்ச்சலும் நோவும் கடுமையாக இருந்தன. இம்முறையிலே அவை எதிர்பார்க்கத்தக்கனவே என்று தாதி சொல்லியிருந்தபடியால் மருமகள் அஞ்சவில்லை. எட்டாம் நாள் குழாயைக் கழற்றி, தையலிட்டு, வீட்டுக்கு விட்டார்கள்.

வைத்தியசாலையிலே நிகழ்வது வைத்தியம். தேறுதல் நிகழ்வது வீட்டிலே. வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு பக்கத்திலே நின்று பணிசெய்வோனையும் சேர்த்து மருத்துவத்தை நான்காக வகுத்தார். அந்நான்காவதன் அருமை அதனைச் செய்தாருக்கே தெரியும். மல்லாந்து படுக்க இயலாது. ஆகையால் கதிரையிலே தலையணை அடுக்கிப் படுக்கை. வலப்புறம் சரிந்தால் குழாய் இருந்த இடம் குத்தும். இடப்புறம் சரிந்தால் இடுப்பெலும்பு நோகும். காயம் நனையலாகாது, ஆகையால் தலைக்கு வேறாகவும் உடம்புக்கு வேறாகவும் தண்ணீர். இருமினால் விலாவிலே கத்தி பாய்ந்தாற்போலிருக்கும் என்பார். இருமாவிட்டாலோ சளி கட்டும். ஒரு சிறு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமும்படி மருமகள் காட்டிக் கொடுத்தாள்.

நோவுக்கு மோர்பின் குளிசை தந்திருந்தார்கள். அதனை அக்கா தொடமாட்டேன் என்றார். அபின் அல்லவோ, பழகிவிடும், கடைசிக் காலத்து மருந்து அல்லவோ என்று அயலார் சொன்னது காரணம். இது பெரும் பிழை. நோவுக்கு அளவாகக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதன்று; நோவோடு கிடந்து மூச்சை அடக்கி, இருமாமல், நடவாமல் இருத்தலே கேடு. அதன் குற்றம் வேறொன்று: மலச்சிக்கல். அதற்கும் கூடவே மருந்து எடுக்க வேண்டும். இரவு பப்பாசிப்பழம் வெட்டி வைத்தோம். மூன்று நாள் வாதாடி நாலாம் நாள் எடுத்தார். அன்று விடியுமட்டும் உறங்கினார்.

உணவு பெரும் பாடு. வருவோரெல்லாம் பத்தியம் சொல்வார். ஒருவர் மீன் ஆகாது என்பார். மற்றவர் மீன் அன்றி வேறொன்றும் ஆகாது என்பார். சீனி தின்றால் நோய் வளரும் என்று ஒருவர் கடிதமே எழுதியனுப்பினார். அக்காவோ ஒரு கிண்ணம் கஞ்சியை ஒரு மணி நேரம் வைத்துப் பார்ப்பார். கிளினிக்கிலே கேட்டோம். எதை விரும்புகிறாரோ அதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள், முட்டையும் மீனும் பருப்பும் சேரட்டும் என்றார்கள். பின்னர் இரண்டு இடியப்பமும் சொதியும், நடுப்பகல் ஒரு பிடி சோறும் விளைமீன் குழம்பும், மாலையிலே முட்டைக் கோப்பி என்று ஒழுங்கு ஏற்பட்டது. முருங்கையிலைச் சொதிக்குத் தேசிக்காய்ப் புளி போதாது என்று அவர் குறை சொன்ன நாளிலே மருமகள் உள்ளே போய் அழுதாள். அது மகிழ்ச்சியின் அழுகை.

மூச்சுப் பயிற்சிக்கென்று ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். கண்ணாடிபோன்ற மூன்று அறைகள், அறைக்கொரு பந்து. குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்து எழும். வீட்டுக்கு வந்த நாள் ஒரு பந்து அசைந்தது; எழவில்லை. மருமகளின் மகன் முதலாம் வகுப்புப் படிக்கிறான். அவனே இதற்கு வாத்தியார். "அம்மம்மா, இன்னும் இழுங்கோ, இன்னும் இழுங்கோ!" என்று பள்ளிக்கூடத்திலே தன்னை அதட்டுவதுபோல் அதட்டுவான். சுவரிலே கரிக்கட்டியாற் கோடு போடுவான். ஐந்தாம் நாள் முதற் பந்து எழுந்து ஒரு கணம் நின்றது.

இவ்வண்ணம் இரண்டு கிழமை சென்றன. ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரம், நானும் அக்காவுமே விறாந்தையில் இருந்தோம். படலையிலே ஒருவர் வந்து வழக்கமான வினாவைக் கேட்க, நானும் வழக்கம்போல, "மாறி வருகுது" என்று சொல்லி அனுப்பினேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தக் கிளினிக் கொப்பியை எடு."

எடுத்தேன். நோயாளர் கையோடு கொண்டு திரியும் கொப்பி அது. மூலை மடிந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கத்தை விரல் வைத்து விரித்தார்.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு?"

நான் வாசிக்கவில்லை.

"நாலாம் படி எண்டு கிடக்கு. நாலை உரோமன் எழுத்திலை போட்டால் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? இருபத்தாறு வருஷம் சங்கக் கடைப் பேரேடு இங்கிலீஷிலை எழுதினனான். இது எழுதினது 2021இலை. எலும்பு எண்டும் எழுதிக் கிடக்கு. இந்த மாதம் நெஞ்சும் எண்டு எழுதியிருக்கினம்."

"அப்ப, ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் நீங்கள் கலங்கிப் போவியள். நீ கட்டாயம் கலங்குவாய். சின்னனிலையிருந்தே உனக்குத் தாங்கேலாது. அதுதான் பேசாமல் இருந்தன்."

நான்கு ஆண்டு! நாங்கள் அவருக்கு மறைத்தோம் என்று எண்ணியிருந்த நான்கு ஆண்டும் அவர் எங்களுக்கு மறைத்திருக்கிறார். அக்கொப்பி முன்னறையிலே பெட்டகத்தின்மேல் எல்லோருக்கும் முன்னே கிடந்தது. வைத்தியர் அன்று பேசாது நின்றது எதற்காக என்பது அப்பொழுதுதான் விளங்கியது. அன்பினால் மறைத்தோம் என்று சொல்லலாம், அதுவும் உண்மையே. ஆயினும் மறைத்தபடியால் அவர் எவரோடும் ஒரு வார்த்தை பேச இயலாமற் போயிற்று. தனக்குப் பின் வீட்டுக் கிணற்றுப் பங்கு என்னாகும், மகளின் நகை யார் கையில் இருக்கும், தாம் வீட்டிலே இருக்க விரும்புவதா வைத்தியசாலையிலே இருக்க விரும்புவதா என்பவற்றையெல்லாம் நாலாண்டு தனியே நெஞ்சுக்குள் வைத்திருந்தார். அங்கேயும் நீர் தேங்கித்தான் இருந்திருக்கிறது.

அன்றிரவு வெகுநேரம் பேசினோம். எல்லாவற்றையும் ஈண்டு எழுதுவதற்கில்லை.

பின்வந்த நாட்களிலே, பொழுது போக்குதற்காக, யான் வாசித்த ஒன்றை அவருக்குச் சொன்னேன். பானி பேர்னி என்பவர் ஆங்கில நாவலாசிரியை. கணவரோடு பாரிஸ் நகரிலே வாழ்ந்தார். மார்பிலே கட்டி என்று கண்டு, 1811 செத்தெம்பர் 30ஆந் தேதி அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். செய்தவர் நெப்போலியனின் சேனை வைத்தியர் லாறே. மயக்க மருந்து கண்டறியப்படாத காலம். ஈதர் மயக்கத்திலே சத்திரசிகிச்சை செய்து காட்டியது 1846இலே. ஆகவே குடிக்க ஒரு மது மாத்திரம் கொடுத்து, வீட்டிலேயே, விழித்திருக்கையிலேயே அறுத்தார்கள். நாள் குறித்ததை முன்கூட்டி அறிவித்தால் அஞ்சுவார் என்று வைத்தியர்கள் அவருக்கு அன்று காலையிலேயே அறிவித்தார்கள். அவரோ கணவர் தாங்கமாட்டார் என்று, அவர் அலுவலகத்திலேயே தடுத்து வைக்கப்படும்படி ஒழுங்கு செய்தார். பின்னர் இங்கிலாந்திலிருந்த தமக்கைக்கு நிகழ்ந்ததையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க மாதங்கள் சென்றன. எழுதியதைத் திரும்ப வாசிக்கத் துணிவு வரவில்லை. அவர் 1840 வரை வாழ்ந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தமக்கைக்கு எழுதினவ எண்டபடியால் எழுதினா, புருஷனுக்கு எண்டால் எழுதியிராள்" என்றார். பின்னர், "என்னை எழுதச் சொல்லாதை, நீ எழுது, நான் சொல்லிறன்" என்றார்.

கனடாவிலே இருக்கும் அண்ணருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தொலைபேசியிலே பேசுவதுண்டு; ஆயினும் தொலைபேசியிலே இருவரும் ஒருவர்க்கொருவர் தேறுதல் சொல்லிக்கொண்டே வைத்துவிடுவர்; செய்தி ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. கடதாசியை எடுத்துக்கொண்டு இருந்தேன். மீண்டும் பழைய இடர்: மாறிவிட்டது என்று எழுதுவதா? குணம் என்று எழுதுவதா?

"நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியிலை இருக்கேக்கை தண்ணி என்ன நிறம், நினைவிருக்கோ?" என்றார் அக்கா.

எப்படி மறக்கும்! 1995 ஐப்பசிக் கடைசியிலே வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். பின்னர் எங்கள் குடும்பம் வன்னிக்குப் போய் ஒரு குளக்கரையிலே கொட்டில் போட்டது. குளத்து நீர் செம்மண் கரைத்தாற்போல் இருக்கும். அங்குள்ளவர்கள் தேத்தாங்கொட்டை கொடுத்தார்கள். இலக்கியத் தமிழிலே தேற்றாங்கொட்டை. மட்பானையின் உட்புறத்திலே அதனை உரைத்து, நீரை வார்த்து, அசையாமல் வைத்தால், கொட்டையிலிருந்து கரைந்த பசை நீரிலே மிதக்கும் நுண்ணிய மண்ணையெல்லாம் ஒன்றுசேர்த்துத் திரளச் செய்யும். திரண்டது அடியிலே படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அவ்வேலை அக்காவினுடையது. எங்கள் எல்லோருக்கும் அவரே தண்ணீர் தெளிவித்துத் தந்தவர்.

"மண் எங்கை போகும்? அடியிலைதான் கிடக்கும்," என்றார். "பானையை ஆட்டாமல் மேலாலை அள்ளிக் குடிச்சம். ஒண்டரை வருஷம் குடிச்சம். அப்பிடித்தான் இதுவும். பெரியதம்பிக்கு அப்பிடி எழுது."

எனக்கு மயிர் சிலிர்த்தது. ஏனெனில் இவ்வுவமை கலித்தொகையிலே உள்ளது. பிரிவினாலே அறிவு கலங்கிப் புலம்பிய ஒருத்தி, காதலன் வந்து சேர்ந்தபோது, தேற்றாவின் விதையால் தெளிந்த கலங்கல் நீர்போலத் தெளிந்து நலம் பெற்றாள் என்று நெய்தற்கலியிலே வருகிறது. அந்நூலை ஏட்டிலிருந்து முதன்முதலாக 1887இலே அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள். அப்பாட்டை எத்தனையோ ஆண்டு படிப்பித்திருக்கிறேன். தேற்றாவுக்கு அங்கே வழங்கும் பெயர் இல்லம். மரத்தின் பெயரும் வீட்டின் பெயரும் ஒன்றாய் இருப்பதைக் காட்டி மாணவரை மருட்டியிருக்கிறேன். தேறுதல் என்னும் சொல் நீர் தெளிதலுக்கும், மனம் ஆறுதலுக்கும், ஒருவரை ஆராய்ந்து நம்புதலுக்கும், நோயினின்று மீளுதலுக்கும், பரீட்சையிலே சித்தியெய்துதலுக்கும் பொது என்று கரும்பலகையிலே நிரல்பட எழுதியும் இருக்கிறேன். ஆயின் தேறிய நீரின் அடியிலே மண் கிடக்கும் என்பதை ஒரு நாளும் சொன்னதில்லை. பானையைக் கையாலே பிடித்தவர் சொல்ல வேண்டியிருந்தது.

எழுதத் தொடங்கினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். நீர் எடுத்தது, தூள் இட்டது, நோய் நாலாம் படி என்பது, அது தமக்கு முன்னரே தெரியும் என்பது, மருந்தெல்லாம் அதனை அடக்கி வைப்பதற்கே என்பது, மறுபடியும் நீர் சேரக்கூடும் என்பது, அழுதுகொண்டு உடனே விமானம் ஏற வேண்டாம், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்தால் தேர் பார்த்துப் போகலாம் என்பது, கிணற்றுப் பங்கு விஷயம், வரும்போது மருமகளுக்கு ஒரு சப்பாத்து, அளவு இன்னது என்பது.

முடிந்ததும், "வாசி" என்றார். வாசித்தேன். தொடக்கத்திலே, பழக்கத்தினாலே என் கை தானாக எழுதிய ஒரு வரி இருந்தது: 'அக்கா இறைவனருளால் தேறி, பூரண சுகமடைந்து வருகிறார்.'

"பூரணத்தை வெட்டு" என்றார்.

வெட்டினேன்.

"சுகமடைஞ்சு வாறதையும் வெட்டு. தேறியிருக்கிறா எண்டு மட்டும் விடு."

சட்டைப் பையிலே வழக்கம்போற் சிவப்புப் பேனைதான் இருந்தது. அதனாலேயே கோடிட்டேன். அக்கா சரி பார்த்து, கீழே தம் கையெழுத்தையும் வைத்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டுப் பந்துக் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அன்று இரண்டு பந்து எழுந்தன.